நூல் தளர்ந்த பிறகு: மஸ்கி மீனுக்கு ஏற்ற கிளைடு பெய்ட் எது?

வட அமெரிக்காவின் பெரிய வேட்டை மீனான மஸ்கிக்கென்று விற்கப்படும் செயற்கை இரைகளில், கண்ணால் பார்த்துத் தரம் சொல்ல முடியாத வகை எதுவென்று கேட்டால் கிளைடு பெய்ட் என்றே சொல்வேன். சுழலும் தகடு கட்டிய பக்டெயிலையோ, உதடு (இரையை நீருக்குள் அமிழ்த்த மூக்கின் கீழே நீட்டியிருக்கும் பலகை) வைத்த கிராங்க்பெய்ட்டையோ கையில் எடுத்துப் பார்த்தால் அது தண்ணீரில் எப்படி ஓடும் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். கிளைடு பெய்ட்டில் அப்படி ஊகிக்க அதிகம் இல்லை. அதற்கு உதடு கிடையாது, தகடு கிடையாது. பக்கங்கள் தட்டையாக இழைக்கப்பட்ட ஒரு மீன் வடிவம், மூக்கில் ஒரு கண்வளையம், வயிற்றில் இரண்டு முக்கூர் முட்கள், உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கொஞ்சம் ஈயம், அவ்வளவுதான். கடைச் சுவரில் ஒரே நீளத்திலும் ஒரே நிறத்திலும் அருகருகே தொங்கும் இரண்டில் ஒன்று, தூண்டில் கோலின் முனையை லேசாகத் தட்டியதும் ஏறக்குறைய ஒரு மீட்டர் தூரம் பக்கவாட்டில் வழுக்கிப் போய் நிற்கும். மற்றது அதே தட்டுக்கு நேராக முன்னே தாவி, தலையைத் தூக்கி, நீர்மட்டத்தை நோக்கி ஏறிவிடும்.

பல பருவங்களாக இவற்றைப் பயன்படுத்தியும், சிலவற்றை அறுத்துப் பார்த்தும், சிலவற்றின் எடையை மாற்றியமைத்தும் வந்ததில் எனக்குள் உறுதிப்பட்டிருக்கும் கருத்து ஒன்றுதான். நூலை இழுக்கும்போது எந்த இரையும் ஏதோ ஒரு விதத்தில் அசையத்தான் செய்யும். இழுத்த நூலைத் தளரவிட்ட அந்த ஒன்றிரண்டு நொடிகளில், தன் எடையையும் வடிவத்தையும் மட்டுமே துணையாகக் கொண்டு அது எவ்வளவு தூரம் போகிறது, எப்படி நிற்கிறது, நின்ற பிறகு எந்த நிலையில் கீழிறங்குகிறது என்பதே கிளைடு பெய்ட்டின் தரத்தைத் தீர்மானிக்கிறது. உடலின் வடிவம், ஈயத்தின் இடம், முள்ளின் எடை, லீடரின் (நூலின் முனையையும் இரையையும் இணைக்கும், பல்லுக்கு அறுபடாத துண்டு) விறைப்பு என்று இனி நான் எழுதப்போகும் எல்லாமே அந்த ஒன்றிரண்டு நொடிகளைப் பற்றியவைதான்.

நான் தூண்டில் போடுவது பெரும்பாலும் டொரோன்டோவுக்கு வடகிழக்கே இருக்கும் கவார்த்தா ஏரிகளில். பிஜன், பக்ஹார்ன், செமாங், பால்சம் என்று வரிசையாக நீளும் இந்த ஏரிகளை டிரென்ட்-செவர்ன் நீர்வழியின் அணைகளும் மதகுகளும் ஒன்றோடொன்று இணைக்கின்றன. 386 கி.மீ. நீளமுள்ள அந்த நீர்வழி ஒன்டாரியோ ஏரியில் தொடங்கி ஜார்ஜியன் வளைகுடாவில் முடிகிறது. மிகப் பெரிய மஸ்கி வேண்டுமென்பவர்கள் செயின்ட் லாரன்ஸ் ஆற்றுக்கோ, ஜார்ஜியன் வளைகுடாவுக்கோ போவார்கள். ஒன்டாரியோ மாகாணத்தின் சாதனையான 65 பவுண்டு மீன் 1988-இல் அந்த வளைகுடாவில்தான் பிடிபட்டது. கவார்த்தாவில் மீன்கள் அளவில் சிறியவை, ஆனால் எண்ணிக்கையில் அதிகம். இந்த ஏரிகளின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது, நீர்த்தாவரம் மண்டியது. ஜூலை மாதத்தில் மூன்று மீட்டர் ஆழத்தில் வேர்விட்ட செடிகள் இரண்டு மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும்; அவற்றின் கொழுந்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே எஞ்சியிருப்பது ஒரு மீட்டருக்கும் குறைவான தெளிந்த நீர். மீன் செடிகளுக்குள் இருக்கிறது. இரை அந்தக் குறுகிய இடைவெளியிலேயே மெதுவாகவும் அகலமாகவும் நடமாட வேண்டும். உதடு வைத்த இரை செடிக்குள் பாய்ந்து சிக்கிக்கொள்ளும், பக்டெயிலோ வேகத்தைக் குறைத்தால் மூழ்கிவிடும். கிளைடு பெய்ட் மீது எனக்குப் பற்று வந்ததற்கு இந்த நீரின் அமைப்பே முதல் காரணம்.

இரண்டாவது காரணம் மீனின் இயல்பு. மஸ்கி, பைக் மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்காவின் பெரும் ஏரிகள், செயின்ட் லாரன்ஸ், மிசிசிப்பி, ஹட்சன் விரிகுடா ஆகியவற்றின் வடிநிலங்களுக்கு உரியது. விஸ்கான்சின் மாநிலம் இதை 1955-இல் தன் மாநில மீனாக்கிக்கொண்டது. பத்தாயிரம் முறை வீசினால் ஒரு முறை கடிக்கும் மீன் என்று இங்கே வழக்கமாகச் சொல்வார்கள். எண் மிகைதான், ஆனால் அதன் பின்னால் இருக்கும் உண்மை மிகையன்று. இரையைத் தொடர்ந்து வந்து, படகின் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் திரும்பிப் போகும் மஸ்கிகள் கடிப்பவற்றைவிட மிகப் பல. தொடர வைப்பது ஒரு வேலை, கடிக்க வைப்பது வேறு வேலை. நல்ல இரை இரண்டாவது வேலையையும் செய்தாக வேண்டும்.

மஸ்கி இரை பிடிக்கும் விதம் இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதலில் உடலை நேராக வைத்தபடி, அதிக அசைவின்றி, இரையை நோக்கி மெல்ல நெருங்கி வரும். பிறகு உடலை ‘எஸ்’ எழுத்தைப் போல் வளைத்து, ஒரே பாய்ச்சலில் தாக்கும். 2001-இல் வெளியான ஓர் ஆய்வு இந்த இரண்டு கட்டங்களிலும் எந்தப் புலன் வேலை செய்கிறது என்பதைப் பிரித்துக் காட்டியது. பார்வை மறைக்கப்பட்ட மஸ்கிகள் மெல்ல நெருங்கும் முதல் கட்டத்தையே கைவிட்டன; இரை தானாக அருகில் வந்தபோது மட்டும் பாய்ந்தன. நீரின் அசைவை உணரும் பக்கக்கோட்டு உறுப்பு செயலிழக்கச் செய்யப்பட்ட மீன்களோ, வழக்கத்தைவிட நெருக்கமாக வந்த பிறகே பாய்ந்தன. தொலைவிலிருந்து வரவழைப்பது கண். பாயும் கணத்தை முடிவு செய்வதில் கண்ணோடு பக்கக்கோடும் சேர்ந்துகொள்கிறது. இதைப் படித்த பிறகு கிளைடு பெய்ட்டின் வேலை எனக்குத் தெளிவாகப் புரிந்தது. வழுக்கும்போது அதன் அகன்ற பக்கம் ஒளியைத் திருப்பியடித்துக் கண்ணுக்குத் தெரிகிறது, அந்த அகலம் நீரையும் தள்ளுகிறது. வழுக்கி முடித்து நிற்கும்போது, பின்தொடரும் மீனுக்குத் தன் முழு நீளத்தையும் குறுக்காகக் காட்டுகிறது. பைக் குடும்பத்து மீன்கள் இரையின் நடு உடலைக் குறுக்கே கவ்வும் பழக்கம் உள்ளவை. உடலை வளைத்துப் பாய அவற்றுக்கு ஒரு கணம் தேவை. நல்ல கிளைடு பெய்ட் ஒவ்வொரு வழுக்கலின் முடிவிலும் அந்தக் கணத்தைக் கொடுக்கிறது.

பாஸ் மீன் பிடிப்பவர்கள் கிளைடு பெய்ட் என்று சொல்வது பெரும்பாலும் நடுவில் ஒரு மூட்டு வைத்த, சீராகச் சுற்றினாலே பாம்பு நடையில் வரும் இரையை. மஸ்கிக்காரர்களின் பழைய கிளைடு பெய்ட், அதாவது கிளைடர், மூட்டில்லாத ஒரே கட்டை, தட்டினால்தான் நடக்கும். அதற்கும் மூத்தது விஸ்கான்சினின் ஆன்டிகோ ஊரைச் சேர்ந்த சூய்க் போன்ற ஜெர்க்பெய்ட். அதன் வாலில் இருக்கும் உலோகத் தகட்டை வளைத்து வைத்தால், இழுக்கும்போது அமிழ்ந்து, விட்டால் மேலே எழும். மேலும் கீழுமான அந்த அசைவைப் பக்கவாட்டுக்கு மாற்றியதே கிளைடர் என்று எளிமையாகப் புரிந்துகொள்ளலாம். ரீஃப் ஹாக், மென்வால் பொருத்திய ஃபேன்டம் சாஃப்ட்டெயில், போலந்தின் சால்மோ ஸ்லைடர் ஆகியவை இந்த வகையில் பலரும் அறிந்தவை. பெயர்களை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். ஒரே பெயரில் வரும் இரண்டு மர இரைகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், பெயரை நம்பி வாங்குவதைவிடக் காரணத்தை அறிந்து வாங்குவது மேல்.

தட்டு விழுந்ததும் நடப்பது இதுதான். நூல் இழுபடும்போது மூக்கு நூலின் திசைக்குத் திரும்பத் தொடங்குகிறது, உடலும் வேகம் பெறுகிறது. அதே கணத்தில் நூலைத் தளரவிட்டால், திரும்பத் தொடங்கிய மூக்கு அங்கேயே நிற்காமல் நூலின் கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகிறது, உடலும் அந்தப் பக்கமாகவே வழுக்குகிறது. அடுத்த தட்டு அதை எதிர்ப்பக்கம் திருப்புகிறது. உயரமான தட்டைப் பக்கங்கள் இங்கே படகின் ஏராக்கட்டை செய்யும் வேலையைச் செய்கின்றன. உடல் பக்கவாட்டில் நழுவிவிடாமல், தலை நோக்கும் திசையிலேயே அதை ஓட வைக்கின்றன. உருண்டையான உடலுக்கு இந்தப் பிடிமானம் குறைவு; ஆகவே அது குறுகலாகத் துள்ளும், நீளமாக வழுக்காது. மிகையாகத் தட்டையாக்கப்பட்ட உடல் மறுபுறம் காற்றில் பறக்காது: வீசும்போது புரண்டு, முள் லீடரில் மாட்டிக்கொண்டு விழும். முதுகிலிருந்து வயிறுவரை உள்ள உயரம் தடிமனைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு இருக்கும் உடல்களே எனக்கு நல்ல பலன் தந்திருக்கின்றன.

வடிவத்தைவிட ஈயம் முக்கியம். ஈயத்தின் அளவைவிட அதன் இடம் முக்கியம். பீட்டர்பரோ பக்கத்தில் மர இரை செதுக்கும் ஓய்வுபெற்ற தச்சர் ஒருவரின் பட்டறையில், மேப்பிள் மரத்தில் செய்த ஓர் இரையை வண்ணம் பூசுவதற்கு முன் கையில் எடுத்துப் பார்க்க வாய்த்தது. இருபது சென்டிமீட்டர் நீளம். அடிவயிற்றின் நடுக்கோட்டில் மூன்று வட்டமான குழிகள்: ஒன்று முன்முள்ளுக்குச் சற்று முன்னால், ஒன்று நடுவில், ஒன்று பின்முள்ளுக்கு அருகில். மூன்றிலும் ஈயம் உருக்கி ஊற்றப்பட்டிருந்தது. முன்குழியும் பின்குழியும் பெரியவை, நடுக்குழி விரல் நுனியளவே. அவர் முட்களையும் வளையங்களையும் தற்காலிகமாக மாட்டி, தொட்டித் தண்ணீரில் இறக்கி, அது வாலைத் தாழ்த்திக்கொண்டு அமிழ்வதைப் பார்த்தார். வெளியே எடுத்து, பின்குழியின் ஈயத்தில் துளைக்கருவியால் ஒரு சுற்றுச் சுரண்டினார். வெள்ளி நிறத்தில் ஒரு சுருள் உதிர்ந்தது. மீண்டும் இறக்கினார். மறுபடியும் சுரண்டினார். மூக்கு வாலைவிட ஒரு விரற்கடை தாழ்ந்தபடி, ஒரே சீராக இரை இறங்கத் தொடங்கியபோதுதான் நிறுத்தினார். ஆலையில் அச்சில் வார்க்கப்படும் இரைக்கு இந்தக் கவனிப்பு ஒவ்வொன்றாகக் கிடைப்பதில்லை. அச்சு சரியாக இருந்தால் எல்லாம் சரி, இல்லாவிட்டால் எல்லாமே பிழை.

முன்னும் பின்னுமாக ஈயத்தைப் பிரித்து வைப்பதன் பொருள் அங்கேதான் எனக்கு விளங்கியது. மொத்த ஈயத்தையும் நடுவயிற்றில் ஒரே இடத்தில் வைத்தால் இரை மிக எளிதாகத் திரும்பும். சிறிய தட்டுக்கே தலையை வெட்டித் திருப்பும், ஆனால் அந்தத் திருப்பம் உடனே அடங்கிவிடும், வழுக்கல் குறுகிப்போகும். இரு முனைகளுக்கும் எடையைப் பிரித்துக் கொடுத்தால் திரும்புவதற்குச் சற்றுத் தாமதிக்கும், திரும்பிய பிறகு தன் போக்கை விடாமல் நீண்டு செல்லும். கோடைகாலத்தில் செடிகளுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளிகளில் அடிப்பதற்கு முதல் வகை உதவும். இலையுதிர்காலத்தில் பாறைத் திட்டுகளின் ஓரமாக மெதுவாக இழுத்து வருவதற்கு இரண்டாம் வகைக்கு இணையில்லை. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இரண்டாம் வகையையே வைத்துக்கொள்வேன்.

ஈயம் வயிற்றில் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்பதும் பேசப்பட வேண்டியது. மிகவும் தாழ்வாக இருந்தால் இரை எப்போதும் விறைப்பாக நிமிர்ந்தே நிற்கும். வழுக்கும், ஆனால் உயிர் இருக்காது. சற்று உயர்த்தி வைத்தால் ஒவ்வொரு வழுக்கலின் முடிவிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து, வயிற்றின் வெண்மையைக் காட்டி, மெல்ல நிமிரும். நோயுற்ற மீன் தன்னைச் சமநிலைப்படுத்த முயல்வதைக் கண்டவர்களுக்கு அந்தச் சாய்வின் மதிப்பு தெரியும். இன்னும் உயர்த்தினால் வேகமான தட்டில் குப்புறப் புரண்டுவிடும். இந்த மூன்று நிலைகளுக்கும் இடையே உள்ள தூரம் சில மில்லிமீட்டர்தான். அதனால்தான் நல்ல கிளைடருக்குக் கூடுதல் விலை கொடுப்பதை நான் வீண்செலவாகக் கருதுவதில்லை.

அமிழும் வேகத்துக்கு வருகிறேன். மூக்கு சற்றே தாழ்ந்தோ மட்டமாகவோ அமிழும் இரை, இறங்கும்போதே கொஞ்சம் முன்னோக்கி நகரும், அடுத்த தட்டுக்கு எந்தப் பக்கமும் திரும்பத் தயாராக இருக்கும். வாலைத் தாழ்த்தி அமிழும் இரையைத் தட்டினால் அந்தத் தட்டின் பெரும்பகுதி அதன் தலையை மேலே இழுப்பதிலேயே போய்விடும். கவார்த்தா போன்ற நீரில், ஒரு மீட்டர் இறங்க ஏழெட்டு நொடியாவது எடுத்துக்கொள்ளும் இரையைத்தான் நான் தேடுகிறேன். வேகமாக அமிழும் இரையை மேலே வைத்திருக்க வேகமாக இழுத்தாக வேண்டும், வேகமாக இழுத்தால் நூல் தளராது, நூல் தளராவிட்டால் வழுக்கலே இல்லை.

குளிர்காலம் நெருங்க நெருங்க அதே இரை வேறு மாதிரி நடந்துகொள்வதைப் பலர் கவனித்திருப்பார்கள். 25 டிகிரி செல்சியஸில் ஒரு கன சென்டிமீட்டர் தண்ணீரின் நிறை 0.997 கிராம், 5 டிகிரியில் அது ஏறத்தாழ 1.000 கிராம். நூறு கன சென்டிமீட்டர் பருமனுள்ள இரைக்கு இது 0.3 கிராம் கூடுதல் மிதப்பு. ஜூலையில் மிக மெதுவாக அமிழ்ந்த மர இரை, நவம்பரில் அந்தரத்தில் நின்றுவிடவும், மேலே எழவும்கூட இது போதும். பிசினிலோ பிளாஸ்டிக்கிலோ வார்த்த உடல் குளிரில் தானும் சுருங்குவதால் அதில் இந்த மாற்றம் குறைந்தோ, எதிர்மாறாகவோ தெரியலாம். ஆகவே ஏட்டுக் கணக்கை நம்பாமல், படகை இறக்கியதும் ஓரத்தில் இரையை இறக்கிப் பார்த்துவிடுவதே சரி. முள்ளின் தண்டில் மெல்லிய ஈயக்கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றினால் கூட்டலாம், ஓர் அளவு சிறிய முள்ளை மாட்டினால் குறைக்கலாம். முன்முள்ளில் சுற்றுவதா பின்முள்ளில் சுற்றுவதா என்பதைக் கொண்டு மூக்கின் சாய்வையும் திருத்திக்கொள்ளலாம். முள் என்பது மீனைப் பிடிக்க மட்டுமன்று. கிளைடரில் அது ஈயத்தின் ஒரு பகுதி.

மூக்கிலிருக்கும் கண்வளையத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. அது மூக்கின் நடுவுக்குச் சற்று மேலே இருந்தால் இழுக்கும்போது தலை தாழும், கீழே இருந்தால் தலை உயரும். நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கமாகச் சிறிது விலகியிருந்தால், இரை ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வழுக்கும். புதிதாக வாங்கிய இரை ஒருபக்கமாகவே ஓடினால், அதைக் குறைசொல்வதற்கு முன் இடுக்கியால் வளையத்தை நேராக்கிப் பார்ப்பது நல்லது.

இனி லீடர். மஸ்கியின் பற்களுக்கு முன்னால் லீடர் இல்லாமல் நூலைப் போடுவது அந்த மீனுக்குச் செய்யும் தீங்கு என்பதால் அதன் தேவையைப் பற்றி விவாதமே இல்லை. எந்த லீடர் என்பதுதான் கேள்வி. பக்டெயிலுக்குத் தடித்த ஃபுளோரோகார்பன் லீடர் போதும். கிளைடருக்கு நான் ஒற்றைக் கம்பி லீடரையே போடுகிறேன், ஒரு சாண் நீளத்துக்குச் சற்று அதிகமாக. நூல் தளரும்போது வளையக்கூடிய லீடர் தொய்ந்து இரையின் பக்கமாகச் சரியும். திரும்பிவரும் இரையின் முன்முள் அதில் மாட்டிக்கொள்ளும். அந்த வீச்சு வீணாகும். விறைப்பான கம்பி தொய்வதில்லை. மூக்கு அந்தக் கம்பியின் முனையில் தாராளமாகத் திரும்பும். ஆனால் கம்பிக்கும் எடை உண்டு. மெதுவாக அமிழும் சிறிய இரைக்கு முன்னால் தடித்த கம்பியும் பெரிய சுழலியும் பூட்டினால் மூக்கு தொங்கிப்போகும், பட்டறையில் சுருள் சுருளாகச் சுரண்டிச் சரிசெய்த சமநிலை ஒரே நொடியில் கெட்டுவிடும். இரையோடு இணைக்கும் ஸ்னாப் வட்டமான வாய் கொண்டதாக இருக்க வேண்டும். கூரான மூலையுள்ள ஸ்னாப்பில் கண்வளையம் ஒரு பக்கமாகப் போய் ஒதுங்கிக்கொள்ளும். நூலைப் பொறுத்தவரை 80 பவுண்டு பின்னல் நூல் பெரும்பாலோரின் தேர்வு. அது பின்னப்படும் பாலிஎத்திலீன் இழை தண்ணீரில் மிதக்கும் என்பதால், அது இரையின் தலையைக் கீழே இழுப்பதில்லை.

தட்டும் கையைப் பற்றியும் ஒரு சொல். கோலின் முனை நீரை நோக்கித் தாழ்ந்திருக்க வேண்டும், தட்டு மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், தட்டியதும் முனை பழைய இடத்துக்கே திரும்பிவிட வேண்டும். ரீல் தளர்ந்த நூலில் ஒரு பகுதியை மட்டும் சுருட்டிக்கொள்ள வேண்டும். இந்தத் தாளம் பிடிபடாதவரிடம் எந்த இரையும் மோசமாகவே தெரியும். ஆயினும் தாளத்தில் சிறு தவறு நேர்ந்தாலும் மன்னித்துவிட்டு வழுக்கும் இரைகள் இருக்கின்றன, கொஞ்சமும் மன்னிக்காத இரைகளும் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குபவருக்கு முதல் வகையைத்தான் கொடுக்க வேண்டும்.

மரமா பிசினா என்பது பற்றி இங்கே நடக்கும் வாதங்களில் எனக்குப் பெரிய ஈடுபாடு இல்லை. தேவதாரு போன்ற இலகுவான மரத்துக்கு அதிக ஈயம் வேண்டும். அதனால் எடை கீழேயும் மிதப்பு மேலேயும் தெளிவாகப் பிரிந்து, இரை உறுதியாக நிமிர்ந்து நிற்கும். மேப்பிள் போன்ற கனத்த மரத்துக்குக் குறைந்த ஈயம் போதும், அதன் அசைவு மென்மையாக இருக்கும். இரண்டுமே நல்லவைதான். என் கவலையெல்லாம் மேற்பூச்சைப் பற்றியது. முட்கள் ஒவ்வொரு வீச்சிலும் வயிற்றின் பக்கங்களில் பிறை வடிவில் கீறிக்கொண்டே இருக்கின்றன. எபாக்சி பூச்சு மெல்லியதாக இருந்தால் அந்தப் பிறை நாளடைவில் மரத்தைத் தொட்டுவிடும், தண்ணீர் உள்ளே இறங்கும், மரம் உப்பும். அத்துடன் அந்த இரையின் சமநிலை போய்விடும். வெளியே பார்த்தால் ஒரு கீறல் மட்டுமே தெரியும். கண்வளையத் திருகு மரத்துக்குள் இறங்கும் இடத்தில் பூச்சு முழுமையாக இருக்கிறதா என்பதை நகத்தால் தடவிப் பார்த்து வாங்குவது என் வழக்கம்.

நிறத்துக்கு நான் தரும் இடம் சிறியது. தெளிந்த நீரில் பெர்ச் மீனின் பச்சையும் மஞ்சளும், கலங்கிய நீரில் ஆரஞ்சு வயிறு, மேகமூட்டத்தில் கறுப்பு. இதற்கு மேல் யோசிப்பதில்லை. கண், செதில், செவுள் என்று துல்லியமாக வரைந்த ஓவியம் வாங்குபவரின் கண்ணுக்கு விருந்தாகலாம், ஆனால் மோசமாக எடையிட்ட இரையை அது வழுக்க வைக்காது.

படகின் ஓரத்தில் கிளைடருக்கு ஒரு பலவீனம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. பின்தொடர்ந்து வரும் மஸ்கியைக் கடிக்க வைக்க, கோலின் முனையைத் தண்ணீருக்குள் விட்டு, இரையைப் பெரிய எட்டு வடிவில் சுற்றுவது இங்கே எல்லோரும் ஒவ்வொரு வீச்சின் முடிவிலும் செய்வது. பக்டெயில் அந்தச் சுற்றில் இடைவிடாமல் சுழலும். கிளைடரோ தொடர்ந்து இழுபடும்போது தன் நடையை இழந்து வெறுமனே பின்னால் வரும். நல்ல கிளைடர் இங்கேயும் வேறுபடுகிறது. அகலமான வளைவில் இழுத்தால் புரளாமல், முதுகு மேலாகவே திரும்பும். வளைவின் உச்சியில் கையை ஒரு கணம் நிறுத்தினால், அந்த வளைவின் வேகத்திலேயே வெளிப்பக்கமாக ஒருமுறை வழுக்கும். கடந்த இலையுதிர்காலத்தில் அக்கா மகன் என்னோடு பால்சம் ஏரிக்கு வந்திருந்தபோது, “மாமா, பின்னாடியே வருது, நிறுத்தாதீங்க!” என்று பதறினான். “நிறுத்தினாத்தான் கடிக்கும், பேசாம பாரு” என்றேன். இரண்டாவது வளைவின் உச்சியில் நிறுத்தினேன். இரை வெளியே வழுக்கிக் குறுக்காக நின்றது. மீன் செவுளை விரித்து, உடலை வளைத்தது எங்கள் இருவருக்குமே தெளிவாகத் தெரிந்தது. அதன் பிறகு கோல் வளைந்தது மட்டும்தான் தெரிந்தது.

இரண்டு முக்கூர் முட்கள் என்றால் ஆறு முனைகள். வாயில் ஒன்றும் வெளியே செவுள் மூடியில் ஒன்றுமாகத் தைத்துக்கொண்ட மஸ்கியை விரைவாக விடுவிப்பது வாங்கும்போதே யோசிக்க வேண்டிய விஷயம். 1966-இல் மினசோட்டாவில் தொடங்கப்பட்ட மஸ்கீஸ் இன்க் போன்ற சங்கங்கள் வளர்த்தெடுத்ததால், பிடித்த மீனை விட்டுவிடுவது இன்று இந்த மீன்பிடிப்பின் அடிப்படை ஒழுக்கமாகியிருக்கிறது. முப்பது ஆண்டுவரை வாழக்கூடிய, மெதுவாகப் பெருகும் ஒரு மீனுக்கு அதுவே நியாயம். சூடான நீரில் பிடித்து விட்ட மீன் பிழைப்பது கடினம் என்பதால், தண்ணீர் 26, 27 டிகிரியைத் தாண்டும் நாள்களில் நான் படகையே இறக்குவதில்லை. மற்ற நாள்களில், முள்ளைத் திருகி எடுக்கத் தாமதமாகுமென்று தோன்றினால், மீனை வலையோடு தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு முள்ளின் தண்டைக் கம்பிவெட்டியால் வெட்டிவிடுகிறேன். வெட்ட முடியாத அளவுக்குக் கடினமான எஃகில் செய்த முட்களோடு வரும் இரையை வாங்கினால், அவற்றை அன்றே மாற்றிவிடுவேன். வெட்டியதற்குப் பதிலாக மாட்டும் முள் அதே நிறுவனத்தின் அதே அளவாக இருந்தாலொழிய இரையின் நடை மாறிவிடும். ஆகவே ஒவ்வொரு கிளைடரின் பெட்டி மூடியிலும் முன்முள், பின்முள், வளையம் ஆகிய மூன்றின் அளவையும் அழியாத மையில் எழுதி வைத்திருக்கிறேன். புதிய முள்ளை மாட்டியதும், அடுத்த வீச்சுக்கு முன் படகின் ஓரத்தில் இறக்கி, மூக்கு எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்கிறேன்.